ஏற்றுமதித் தரம்

கொல்லத்து முந்திரி வியாபாரத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. முழுப் பருப்பு கப்பலுக்கு. உடைந்தது உள்ளூருக்கு. மிளகு, ஏலம், சுக்கு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எங்கள் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தராசு பிடிக்கும் அண்ணாச்சிகளைக் கேளுங்கள், சொல்வார்கள். முதல் தரத்தை வெளிநாட்டான் தின்பான். நாம் சாக்கின் அடியில் கிடக்கும் தூளை அள்ளிக்கொண்டு தேசப் பெருமை பேசுவோம்.

இந்தச் சரக்குப் பட்டியலில் இப்போது நாயும் சேர்ந்துவிட்டது.

2023ல் காசியில் ஒரு தெருநாய். நெதர்லாந்திலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண்ணின் பின்னாலேயே திரிந்தது. அவர் மனம் இளகிவிட்டது. நாயை விட்டுவிட்டு ஊர் திரும்ப மனமில்லை. தாள்களெல்லாம் தயாராகும்வரை பயணத்தை நீட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இங்கேயே காத்திருந்தார். நாயின் பெயர் ஜயா. ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. காசியில் செத்தால் மோட்சம் என்பார்கள். ஜயாவுக்குச் சாகாமலே கிடைத்துவிட்டது. தெருநாயே இல்லாத நாடு என்று பெயர் வாங்கிய தேசம் அது. இல்லாத சரக்கை இருக்கிற ஊரிலிருந்து வாங்குவதுதானே வணிகம்.

பத்திரிகைகள் கொண்டாடின. படம், பாஸ்போர்ட், கழுத்துப் பட்டை, ஆனந்தக் கண்ணீர். எனக்கும் மகிழ்ச்சிதான். தன் காசையும் தன் காலத்தையும் போட்டு ஒரு வாயில்லா ஜீவனைக் கரையேற்றியவரை நொட்டை சொல்ல நான் யார்? கோவளத்தில் வெயில் காய வந்து நாயோடு திரும்பும் வெள்ளைக்காரர்களும் உண்டு. அவர்கள்மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில்.

ஐரோப்பாவுக்குப் போகும் இந்திய நாய்க்கு என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா? முதலில் தோலுக்கடியில் சிப். 15 இலக்க எண். அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டால் போதாது. பிடித்ததா என்று பார்க்க வேண்டும். 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் எதிர்ப்புச் சக்தி 0.5 சர்வதேச யூனிட்டாவது இருந்தாக வேண்டும். இருந்தாலும் உடனே விடமாட்டார்கள். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அப்புறம் கால்நடை மருத்துவரின் சான்று. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் முத்திரை. நாய் எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடமுள்ள கூண்டு. (நம் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கலாம்.)

அமெரிக்கா இன்னும் கறார். ரேபிஸ் மிகுந்த நாடுகள் என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நாம் இருக்கிறோம். 2024 ஆகஸ்ட் முதல் எந்த நாட்டு நாயானாலும் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், சிப் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற நாடுகளின் நாய் என்றால் அதற்கு மேலும் கேள்வி.

எதற்கு இத்தனை கெடுபிடி? ஆம்ஸ்டர்டாமில் பள்ளிக்கூடம் போகும் ஒரு குழந்தையை இந்த நாய் கடித்துவிடக் கூடாது. கடித்தாலும் அந்தக் குழந்தை சாகக் கூடாது. நியாயம். முழு நியாயம்.

இங்கே எங்கள் ஆரியசாலையில் பள்ளிக்கூடம் போகும் குழந்தை எந்த நாட்டுக் குழந்தை?

அதிகாலை ஐந்தரைக்கு எங்கள் சந்திப்புக்கு வந்து பாருங்கள். முக்கில் ஏழு நாய்கள் படுத்திருக்கும். பேப்பர் போடும் பையன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். பால் வாங்கப் போகும் பெரியவர் கையில் குடை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. மலையாளிகள் எப்போதும் குடையோடு அலைகிறார்கள் என்று தமிழ்நாட்டில் கேலி செய்வோம். காரணம் இப்போது புரிகிறது. தேவி கோயிலுக்குப் போகும் பெண்கள் பூக்கூடையை ஒரு கையிலும் கல்லை மறு கையிலும் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு. இப்போது இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஊசியைத்தான் காணோம்.

அந்த ஏழில் எதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது, எதற்கு இல்லை? கார்ப்பரேஷனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. 0.5 யூனிட்டைப் பற்றிக் கேட்க ஒரு மனிதரும் இல்லை. கருத்தடை செய்த நாய்க்குக் காதில் ஒரு சிறு வெட்டு இருக்கும், அதுதான் அதன் ஆதார் அட்டை. வெட்டு இருக்கிறதா என்று பார்க்கக் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் வேறு விதமாகத் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். எங்களூர்ப் பக்கமோ பாதி ஊர்களின் பெயரே பட்டியில்தான் முடியும். கோவில்பட்டியிலிருந்து புதிதாக வந்து கடையில் சேரும் பையனை ஊர் கேட்டுவிட்டு இங்குள்ளவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். இன்று ஆரியசாலையே பட்டியாகிவிட்டது. இரண்டு மொழியிலும்.

நாய் எப்படிப் பெருகுகிறது என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. தின்னக் கிடைத்தால் பெருகும். 2011 டிசம்பரில் விளப்பில்சாலை குப்பை ஆலை மூடப்பட்டது. நகரத்துக் குப்பையைச் சுமந்து சலித்துப்போன கிராமத்து மக்கள் போராடி மூடவைத்தார்கள். அவர்கள் செய்தது சரி. அதன் பிறகு இந்தத் தலைநகரின் குப்பை எங்கே போயிற்று? ஓடைக்குப் போயிற்று. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒரு தொழிலாளியைக் குப்பையோடு வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. அவர் இறந்த பிறகு அந்தத் தோடு யாருடையது என்று ரயில்வேயும் கார்ப்பரேஷனும் சண்டை போட்டன. உயிரோடு இருந்தவரை இருவருக்கும் வேண்டாத தோடு, செத்த பிறகும் இருவருக்கும் வேண்டாத தோடு. மீதிக் குப்பை முக்குக்கு முக்கு. மீன் செதில், கோழிக் குடல், கல்யாண மண்டபத்து எச்சில் இலை. மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு. எந்த ரேஷன் கடையும் இவ்வளவு ஒழுங்காகத் திறப்பதில்லை.

சரி, கருத்தடை செய்யலாமே? செய்தார்கள். கொல்லக் கூடாது, பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2001லேயே மத்திய அரசு விதி எழுதிவிட்டது. கேரளத்தில் அந்த வேலையைப் பல இடங்களில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் எடுத்துச் செய்தார்கள். வலை வீசி, வண்டியில் ஏற்றி, கடியும் வாங்கிக்கொண்டு செய்தார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொல்லிவிட்டது. விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் அவர்களிடம் இல்லையாம். அங்கீகாரம் இல்லாமல் கடிக்க நாய்க்கு மட்டும் அனுமதி.

2023ல் புதிய விதிகள் வந்தன. அறுவை அரங்கில் ஏசி வேண்டும். 2,000 அறுவை செய்த அனுபவமுள்ள மருத்துவர் வேண்டும். கேரளத்து அமைச்சர்களே தலையில் கை வைத்துப் புலம்பினார்கள். 2,000 செய்தவர்தான் செய்யலாம் என்றால் அந்த முதல் 2,000த்தை அவர் எங்கே செய்வார்? நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்று சொல்லும் அப்பாக்கள் உண்டு. அவர்கள் எழுதிய விதி போலிருக்கிறது. கடிபட்டவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு வியர்த்துக் கிடக்கிறான். கடித்த நாய்க்கு ஏசி இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது. 2025ல் நடமாடும் அறுவைக் கூடங்கள் வரும் என்று அறிவித்தார்கள். கூடம் நடமாடுகிறதோ இல்லையோ, அறிவிப்பு நன்றாக நடமாடியது.

இனி சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 ஆகஸ்ட். கோவளத்துக்குத் தெற்கே புல்லுவிளைக் கடற்கரை. இரவில் வீட்டுக்கு அருகே கடலோரம் போன 65 வயது மூதாட்டியை நாய்க்கூட்டம் குதறிக் கொன்றது. 2022 செப்டம்பர். பத்தனம்திட்டையில் 12 வயதுச் சிறுமி. 2023 ஜூன். கண்ணூர் முழப்பிலங்காட்டில் 11 வயதுப் பையன். அவனுக்குப் பேச்சு வராது. கூப்பிட்டு அலறக்கூட முடியாத குழந்தை. 2025 மே. கொல்லத்துப் பக்கம் வீட்டு வாசலில் கடிபட்ட 7 வயதுச் சிறுமி, இதே திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். 2024ல் கேரளத்தில் மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல் கடிபட்டார்கள். நாடு முழுவதும் 37 லட்சத்துக்கு மேல்.

பத்தனம்திட்டைக் குழந்தைக்கும் கொல்லத்துக் குழந்தைக்கும் தடுப்பூசி போட ஆரம்பித்திருந்தார்கள். அதுதான் எல்லோரையும் உலுக்கியது. ஊசி போட்டும் சாவா? ஆம். முகத்திலோ நரம்பு மிகுந்த இடத்திலோ ஆழமாகக் கடித்தால் கிருமி மூளைக்கு ஓடும் வழி குறுகியது. ஊசி பின்னால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். சில நேரம் பிடிக்காது. கடித்த பிறகு போடும் ஊசி ஓட்டப்பந்தயம். கடிக்கும் முன்பே நாய்க்குப் போட்டிருந்தால் பந்தயமே கிடையாது. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் போதும், ரேபிஸ் அடங்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் தொண்டை வறளக் கத்துகிறது. ஏழில் ஐந்து. எங்கள் முக்குக் கணக்கு அவ்வளவுதான்.

ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் நாய்க்கு இதைத்தானே செய்தார்கள்?

அதற்கும் அரசு பணம் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொடுத்தது அந்தப் பெண். அரசு செய்தது ஒன்றே ஒன்று. சரிபார்த்தது. தேதியைப் பார்த்தது, எண்ணைப் பார்த்தது, முத்திரையைப் பார்த்தது. ஆக நம் அதிகாரிகளுக்கு நாயைச் சரிபார்க்கத் தெரியும். அது ஊரை விட்டுப் போகும்போது மட்டும் தெரியும்.

வருகிற வழியிலும் சட்டம் உண்டு. வெளிநாட்டில் தெருவில் கண்டெடுத்த நாயை இங்கே கொண்டுவர வேண்டுமா? இரண்டு ஆண்டு அங்கே தங்கி, நிரந்தரமாகத் திரும்பி வருகிறவராக இருக்க வேண்டும். ஓராண்டிலேயே வேலை போய்ப் பெட்டியைக் கட்டும் சார்ஜாக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் பாலைவனத்தில் எடுத்து வளர்த்த குட்டியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், அல்லது டில்லியில் உரிமத்துக்கு மனுப் போட வேண்டும். இறக்கும் இடமும் நீண்ட காலம் ஆறே நகரங்கள்தான். டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத். பாதிக் குடும்பம் வளைகுடாவில் இருக்கும் கேரளத்துக்கு 2024ல்தான் கொச்சியில் வாசல் திறந்தது. வெளிநாட்டு நாய் உள்ளே வந்து நமக்கு நோய் தந்துவிடுமோ என்று அரசுக்கு அவ்வளவு பயம். ரேபிஸ் இல்லாத நாட்டு நாயைப் பார்த்தும்கூட, ரேபிஸ் உள்ள நாடு பயப்படுகிறது. திருடன் வீட்டுக்காரனிடம் அடையாள அட்டை கேட்ட கதை.

2022ல் உக்ரைனில் குண்டு விழுந்தபோது இந்தச் சட்டம் சற்றே இளகியது. அங்கே மருத்துவம் படித்த இடுக்கி மாணவி ஒருவர் தன் ஹஸ்கி நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ருமேனிய எல்லை வரை போனார். தன் சாமான்களை வழியில் விட்டார், குட்டியை விடவில்லை. மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. டில்லிவரை வந்தாயிற்று. அங்கிருந்து மாணவர்களைக் கொச்சிக்குக் கொண்டுவர மாநில அரசு அமர்த்திய விமானத்தில் நாய்க்கு இடமில்லை என்றுவிட்டார்கள். போர் அனுமதித்த நாயைக் கம்பெனி விதி அனுமதிக்கவில்லை. பிறகு வேறு விமானத்தில் வந்தது. தொலைக்காட்சிகள் வாசலிலேயே காத்திருந்தன. அந்தப் பெண் செய்தது பெரிய காரியம், நெஞ்சாரச் சொல்கிறேன். ஆனால் நாய்ப்பாசத்தை நேரலையில் பார்த்துக் கண் கலங்கிய அதே மாநிலம், ஆறே மாதத்தில் பத்தனம்திட்டைக் குழந்தைக்கு மாலை வைத்தது.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தது. விமான நிலையத்து வாசலில் மனிதர்கள் மிதிபட்டுச் சாகும்போது, நவ்ஸாத் என்ற அமைப்பை நடத்திய முன்னாள் பிரிட்டிஷ் படைவீரர் ஒருவர் 170 சொச்சம் நாய் பூனைகளோடு தனி விமானத்தில் பறந்து போனார். அவரிடம் வேலை பார்த்த ஆப்கானியர்களால் உள்ளே வர முடியவில்லை. பிறகுதான் அவர்கள் பாகிஸ்தான் வழியாகத் தப்பினார்கள். நாய் வெளியேறிய விவகாரத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவே துருவியது. நமக்கு இது புதிதா என்ன? சொர்க்கத்து வாசலில் நாயை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்த தருமபுத்திரனைக் கொண்டாடாத உபன்யாசகர் இல்லை. அதற்கு முந்தைய பக்கத்தை ஏனோ வேகமாகப் புரட்டிவிடுவார்கள். அந்த வழியில் கட்டிய மனைவி விழுந்தாள், கூடப் பிறந்த நான்கு பேரும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஒவ்வொருவரும் ஏன் விழுந்தார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டே நடந்தார் தருமர். நம் துறைகளும் அப்படித்தான். விழுந்த ஒவ்வொருவருக்கும் காரணம் தயாராக இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 11. டில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். நாய்ப் பிரியர்கள் மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலம் போனார்கள். ஆகஸ்ட் 22. ஊசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்றது அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு. 2001 விதி சொன்ன இடத்துக்கே 11 நாளில் திரும்பி வந்து சேர்ந்தோம். நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னார்கள். மெழுகுவத்தி ஏந்தியவர்கள் யாரும் அதிகாலை ஐந்தரைக்கு நடந்து பால் வாங்கப் போகிறவர்களாகத் தெரியவில்லை. நாயைக் கொல்லச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறவர்களும், தங்கள் வீட்டு மீன் கழிவை எங்கே வீசுகிறோம் என்று சொல்வதில்லை. இரண்டு கட்சியும் நன்றாகக் குரைக்கும். கடிபடுவது மூன்றாவது கட்சி.

அதே 2025 அக்டோபரில் அமெரிக்காவில் டெக்ஸாஸிலிருந்து புத்த பிக்குகள் சிலர் அமைதிக்காக வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். கூடவே அலோகா என்றொரு நாய். இந்தியத் தெருவில் அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்த நாய்தான். வழி நெடுக அமெரிக்கர்கள் கூடி நின்று வணங்கினார்கள். அதன் உடன்பிறப்பு ஒன்று இந்நேரம் எங்கோ ஒரு மீன் சந்தையில் உதை வாங்கிக்கொண்டிருக்கும். குலம் ஒன்று, தாள் வேறு.

எல்லை தாண்டி ஆரியசாலைக்கு வருகிறவர்களில் தாளே கேட்காமல் மரியாதை செய்யப்படுபவர் ஒருவர் உண்டு. வேளிமலைக் குமாரசாமி, நம் முருகன். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியோடும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையோடும் புறப்படுவார். களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்யும். இங்கே எங்கள் தேவி கோயிலில்தான் தங்குவார். அவர் வருவதற்கு முந்தின நாள் இந்தச் சாலையைப் பார்க்க வேண்டும். குழி மூடும். குப்பை மறையும். முக்கில் படுத்திருக்கும் ஏழு நாய்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. ஒரே ராத்திரியில் முடிகிற வேலை. குமாரன் என்றாலே குழந்தைதான். ஒரு குழந்தை நடந்து வருகிற பாதையைச் சுத்தம் செய்ய இவர்களுக்குத் தெரியும் என்பதற்கு வருஷா வருஷம் சாட்சி கிடைக்கிறது.

விஜயதசமி முடிந்து அவர் திரும்பிப் போவார். ஏழும் திரும்பி வரும்.

இதையெல்லாம் நேற்று காலை டீக்கடையில் நின்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் நெல்லைக்காரர் கேட்டுக்கொண்டே கம்பியை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுக் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் செய்வோம். நம்ம முக்குல கிடக்க ஏழையும் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப் போறோம்னு எழுதிக் குடுப்போம். சிப்பு வைக்கட்டும். ஊசி போடட்டும். ரத்தம் எடுத்துப் பாக்கட்டும். அதிகாரி வந்து முத்திரை குத்தட்டும்."

"செலவு அண்ணாச்சி?"

"கடைக்கு இவ்வளவுன்னு பிரிப்போம். கோயில் கொடைக்குப் பிரிக்கலியா?"

"சரி, மூணு மாசம் கழிச்சு?"

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு கிளாஸை வைத்தார்.

"டிக்கெட் எடுக்க மறந்துட்டோம்னு சொல்லிருவோம்."